கல் தண்ணீரில் மிதக்குமா? ஒரு ஐசியூ கேள்வித்தாளைப் பற்றி

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரிடம் கேட்பதற்கென்றே நான்கு கேள்விகள் இருக்கின்றன. கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்கிறதா? ஒரு பவுண்டு இரண்டு பவுண்டை விட கனமா? ஆணி அடிக்கச் சுத்தியலைப் பயன்படுத்தலாமா? தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது; தலையை ஆட்டினால் போதும். மாற்று செட் ஒன்றும் உண்டு: இலை மிதக்குமா, கடலில் யானை இருக்கிறதா, இரண்டு பவுண்டு ஒரு பவுண்டை விட கனமா, சுத்தியலால் மரம் வெட்டலாமா.

இதே கேள்விகளை ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரிடம், நல்ல உடல்நிலையில், ஒரு டீக்கடையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கல் மிதக்குமா என்றால் "மிதக்குமே, பஞ்சமுக ஆஞ்சநேயர் கோயில்ல தொட்டியில போட்டு வச்சிருக்காங்க, பாக்கலையா?" என்பார். அவர் சொல்வது தப்பில்லை. துளை நிறைந்த அந்தக் கல்லுக்குள் காற்று அடைந்திருப்பதால் நிஜமாகவே மிதக்கிறது. ராமர் பாலக் கதையை நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்தே பார்க்கும் காட்சி அது. கடலில் யானை இருக்கா என்று கேட்டால், பாக் நீரிணைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். ஆனை இல்லை, பசு இருக்கிறது; ஆவுளியா என்று பெயர். குதிரையும் உண்டு. பவுண்டு என்றால் எடை என்று யாருக்கும் தோன்றாது. காதில் பவுன் என்றுதான் விழும், மகள் கல்யாணக் கவலைதான் வரும்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கேள்வித்தாளின் பெயர் கேம்-ஐசியூ. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வெஸ்லி ஈலியும் அவரது குழுவும் 2001-இல் வெளியிட்டார்கள். ஷேரன் இனூயி 1990-இல் பொது வார்டுகளுக்காக உருவாக்கிய முறையை, வாய் பேச முடியாத நோயாளிக்கு ஏற்ப மாற்றியது. ஐசியூ நோயாளிக்கு டெலிரியம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கருவிகளில் இது ஒன்று. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஒரு படிவத்தைக் கண்டால் அதன் உள்ளீடு சரியா, எந்த இடத்தில் உடையும் என்று பார்ப்பது தொழில் பழக்கம். அந்தக் கண்ணோடு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டெலிரியம் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் ஊரில் "ஜன்னி கண்டு பிதற்றுகிறார்" என்பார்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில் சட்டென்று வரும் மூளைக் குழப்பம், கூடும், குறையும், கவனம் நிற்காது. ஆனால் ஜன்னி என்ற சொல் படம் பிடிப்பது ஒரு பாதியை மட்டும். குழாயைப் பிடுங்குகிறவர், இல்லாத ஆளிடம் பேசுகிறவர், "என்னைக் கொல்லப் பாக்குறாங்க" என்று கத்துகிறவர், இவர்கள்தான் ஜன்னிக்காரர்கள். இன்னொரு வகை உண்டு. கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், ஒன்றும் கேட்கமாட்டார், தொந்தரவே தரமாட்டார். ஐசியூவில் இந்த அமைதியான வகைதான் அதிகம். அதற்குத் தமிழில் பெயரே இல்லை. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் செய்தி "நல்லா தூங்குறாரு" என்பதுதான். பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. கருவி தேவைப்படுவதே இதனால்தான். சத்தம் போடுகிறவரைக் கண்டுபிடிக்கப் படிவம் எதற்கு?

அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். ஈலியின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில் டெலிரியம் வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறந்தது 34 சதவீதம், வராதவர்களில் 15 சதவீதம். 2013-இல் வந்த 821 பேர் கொண்ட ஆய்வு இன்னும் உலுக்குகிறது: ஐசியூவிலிருந்து பிழைத்து வந்தவர்களில் மூன்று மாதம் கழித்து 40 சதவீதம் பேரின் சிந்தனைத் திறன், மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. டெலிரியம் நீடித்த நாட்கள் கூடக்கூட நிலைமை மோசம். நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. சண்டிகர் பிஜிஐ ஐசியூவில் 140 பேரைக் கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 53.6 சதவீதம், டெலிரியம் இருந்தது.

இனி செடேஷன். வென்டிலேட்டர் குழாயைத் தாங்கிக்கொள்ள வலி மருந்தும் மயக்க மருந்தும் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் ஆழமாகத் தூங்க வைப்பதுதான் கருணை என்று இருந்தது. 2000-இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழு 128 பேரிடம் ஒரு எளிய காரியம் செய்தது: ஒரு தரப்புக்குத் தினமும் ஒரு முறை மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார்கள். வென்டிலேட்டர் நாட்களின் இடைநிலை அளவு 7.3-லிருந்து 4.9-க்கு இறங்கியது. புது மருந்து, புது இயந்திரம் எதுவும் இல்லை, குழாயை மூடி வைத்ததுதான். அதற்குப் பிறகு "எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறார்" என்று அளப்பது கட்டாயமானது. அதற்கான அளவுகோல் ராஸ், 2002-இல் ரிச்மண்டில் உருவானது. +4 என்றால் ஆள் அடிக்க வருகிறார், 0 என்றால் விழிப்பும் அமைதியும், -5 என்றால் கிள்ளினாலும் அசைவில்லை.

ராஸ் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு என்று சொல்லியே ஆகவேண்டும். ஆளைப் பார், பெயர் சொல்லிக் கூப்பிடு, கண்ணைப் பார்க்கிறாரா, பத்து விநாடி தாண்டுகிறதா என்று எண்ணு, அதற்கும் அசையாவிட்டால் தோளைத் தட்டு. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். எந்த மொழியிலும் ஓடும். ஒரே நிபந்தனை, பெயர் சரியாக இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு பெயர், கரையில் கூப்பிடும் பெயர் வேறு என்பது எங்கள் பக்கம் சாதாரணம். கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், நல்லா முழிச்சிருக்கிறவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

கேம்-ஐசியூ வேலை செய்யும் விதம் இது. நான்கு அம்சங்கள். ஒன்று, ஆளின் மனநிலை பழைய நிலையிலிருந்து திடீரென மாறியிருக்கிறதா, அல்லது ஏறி இறங்குகிறதா. இரண்டு, கவனம் நிற்கிறதா. மூன்று, ராஸ் 0 தவிர வேறு எதுவாகவாவது இருக்கிறதா. நான்கு, சிந்தனை குழம்பியிருக்கிறதா; மிதக்கும் கல் வருவது இங்கேதான். முதல் இரண்டும் இருந்து, மூன்று அல்லது நான்கில் ஒன்று இருந்தால் டெலிரியம் என்று முடிவு.

இந்தத் தர்க்கத்தை எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கல் கேள்வி அநேகமாகக் கடைசி வரை வராது. ராஸ் 0 இல்லையென்றால் மூன்றாவது அம்சமே நிறைவேறிவிடும், நான்காவதுக்குப் போக வேண்டாம். போனாலும் நான்கு கேள்வியும் ஒரு விரல் காட்டும் கட்டளையும் சேர்ந்த ஐந்தில் ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது தப்பில்தான் குழப்பம் என்று எண்ணுவார்கள். ஆக ராமேஸ்வரத்துக்காரர் கல்லைப் பற்றி உண்மையைச் சொன்னதற்காக மட்டும் மாட்டமாட்டார். கல்லோடு பவுனும் சேர்ந்தால் மாட்டுவார்.

நிஜமான ஓட்டை இரண்டாவது அம்சத்தில் இருக்கிறது. அதைத் தாண்டாமல் எந்த முடிவுக்கும் போக முடியாது. நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்: எஸ், ஏ, வி, ஈ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி. ஏ வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். மற்ற எழுத்துக்கு அழுத்தினாலும் தப்பு, ஏ-க்கு அழுத்தாவிட்டாலும் தப்பு. இரண்டுக்கு மேல் தப்பு என்றால் கவனம் இல்லை.

ஆங்கில எழுத்தே பழகாத ஒரு மூதாட்டிக்கு இதைச் செய்து பாருங்கள். ஏ-யும் ஈ-யும் அவர் காதுக்குப் பக்கத்துப் பக்கத்தில் விழும். போதாததற்கு "ஏ" என்பது எங்கள் ஊரில் ஆளைக் கூப்பிடும் சத்தம். முப்பது வருஷம் டீசல் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்த காது என்றால் இன்னும் சிரமம்.

சரி, தமிழில் மாற்றிவிடுவோம் என்று தோன்றும். இங்கேதான் எனக்கு உண்மையில் வியப்பு. வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் வரிசை இப்படி வரும்: ச, அ, வ, எ, அ, ஹ, அ, அ, ர, த. "அ சத்தம் கேட்டால் கையை அழுத்துங்க." தமிழ் எழுத்துகளில் ச என்பதே ச் கூட்டல் அ. வ, ஹ, ர, த எல்லாவற்றிலும் அ ஒளிந்திருக்கிறது. காது நன்றாகக் கேட்டு, மூளை தெளிவாக இருந்து, மொழியும் சுத்தமாகத் தெரிந்தவர் ச-வுக்கு அழுத்துவார், வ-வுக்கு அழுத்துவார், ஹ, ர, த என்று ஐந்து இடத்தில் "தப்பு" செய்வார். வரம்பு இரண்டு. தெளிவானவருக்குக் கவனமில்லை என்று முத்திரை குத்திவிடும். ஆங்கில எழுத்து ஒரு ஒலியின் அடையாளம், தமிழ் உயிர்மெய் இரண்டு ஒலியின் கூட்டு. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சொல்லை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சோதனையையே மாற்ற வேண்டும்.

ராமேஸ்வரத்தில் இன்னொரு மொழிச் சிக்கலும் சேரும். வடக்கிலிருந்து வரும் வயதான யாத்ரீகர்கள் 22 தீர்த்தத்திலும் குளித்து, ஈரத் துணியோடு வரிசையில் நின்று, அன்று ராத்திரியே மூச்சு முட்டி ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ ஏற்றப்படுகிறார்கள் என்று வையுங்கள். மராத்தியோ வங்காளமோ பேசுகிறவர். அவரிடம் நர்ஸ் எந்த மொழியில் கேட்பார்? பதில் வராவிட்டால் அது டெலிரியமா, தமிழா? படிவத்தில் "மொழி புரியவில்லை" என்று எழுத ஒரு கட்டம் இல்லையென்றால், ஏதோ ஒரு கட்டத்தில் டிக் விழும்.

கருவியை உருவாக்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2001-இல் அவர்கள் சோதித்தபோது நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் திறன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சோதித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நேரம் எடுத்துச் செய்தவர்கள். 2011-இல் நெதர்லாந்தில் பத்து ஐசியூக்களில், தினசரி வேலைக்கு நடுவே நர்ஸ்கள் பயன்படுத்தியதை நிபுணர்கள் தனியாகப் பரிசோதித்து ஒப்பிட்டபோது அந்தத் திறன் 47 சதவீதம்தான். டெலிரியம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் தவறவிட்டார்கள். டெவலப்பர் மடிக்கணினியில் ஓடிய நிரல் கஸ்டமர் இடத்தில் படுக்கிறது என்று நாங்கள் சொல்வோமே, அதேதான். நெதர்லாந்திலேயே அப்படி என்றால், ஒரு நர்ஸ் பல படுக்கைகளைப் பார்க்கும் நம் வார்டுகளில் எப்படி இருக்கும் என்று யூகிக்கலாம்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் உறவினர் ஒருவரின் ஐசியூ ஷீட்டைப் பார்க்க நேர்ந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு நாட்கள் முழுக்க ஒரே ராஸ் எண், ஒரே மையில், ஒரே சாய்வில். நள்ளிரவிலும் -2, ஸ்கேனுக்குக் கொண்டுபோன நேரத்திலும் -2. நிஜமான தரவு அப்படி இருக்காது, கொஞ்சமாவது நடுங்கும்.

இன்னொரு ஏமாற்று எண்ணிக்கையும் உண்டு. ராஸ் -4, -5 என்றால் கேம்-ஐசியூ செய்யவே முடியாது. "மதிப்பிட இயலவில்லை" என்று எழுத வேண்டும். அந்த வரியைத் தூக்கிவிட்டு, "டெலிரியம் உறுதியானவர்கள்" என்று மட்டும் எண்ணினால், எல்லோரையும் ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருக்கும் ஐசியூவுக்குத்தான் முதல் பரிசு கிடைக்கும். எனவே ஒரு மருத்துவமனை டெலிரியம் குறைவு என்று சொன்னால், எத்தனை பேரை எழுப்பிப் பார்த்தீர்கள் என்று கேட்பதுதான் முதல் கேள்வி. கோவிட் காலம் இதற்கு உதாரணம். 14 நாடுகளில் 69 ஐசியூக்களில் 2,088 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் கோமா நிலையில், இடைநிலையாகப் பத்து நாள் கிடந்தார்கள். பென்சோடயசிபைன் வகை மருந்து ஓடியவர்களுக்கு மறுநாள் டெலிரியம் வருவது கூடுதல். குடும்பத்தாரை, வீடியோ வழியாகவாவது, பார்த்தவர்களுக்குக் குறைவு.

பென்சோடயசிபைன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பாதி தெரிந்துகொள்வது ஆபத்து. மிடசோலம், லோரசிபாம் போன்றவை டெலிரியத்தைக் கூட்டும் என்பது பொதுவாக உண்மை. சிறுநீரகம் படுத்தவருக்கு மிடசோலத்தின் கழிவுப்பொருள் உடம்பிலேயே தங்கி, மருந்தை நிறுத்திய பிறகும் மயக்கம் தொடரும். ஆனால் தினமும் குடித்துவந்தவர் அட்மிட் ஆகி, குடி திடீரென நின்று, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, பூச்சி ஊர்வதாகச் சொல்லி, வலை இழுப்பதுபோல் போர்வையை இழுக்க ஆரம்பித்தால், அந்த டெலிரியத்துக்கு இதே பென்சோடயசிபைன்தான் மருந்து. டாக்டருக்கு அவர் குடிப்பது தெரிய வேண்டும். "எப்பவாவதுதான் சார்" என்று மானத்துக்காகச் சொல்லும் பொய், மருந்தையே திசை மாற்றிவிடும்.

பூச்சிமருந்து விஷமும் அப்படி. மிளகாய்க் காடுகள் நிறைந்த மாவட்டம் இது. ஆர்கனோபாஸ்பேட் விஷத்துக்கு அட்ரோபின் கொடுப்பார்கள். அளவு மீறினால் காய்ச்சல், வறண்ட நாக்கு, பிதற்றல். ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வரும் அதே பைத்தியம், காரணம் ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் குடும்பத்து வேதிப்பொருள்தான். இதை ராஸ் +3 என்று மட்டும் எழுதி, மேலும் மயக்க மருந்து ஏற்றினால், விஷத்தையும் மருந்தையும் சேர்த்து மூடி மறைப்பதாகிவிடும். எண் சரியாகவே இருக்கும், காரணம்தான் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கட்டிப்போடுவது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டுவது நம் ஐசியூக்களில் சகஜம். கட்டுவதால் பிடுங்கல் குறைகிறது என்பதற்கு உறுதியான சோதனை ஆதாரம் கிடையாது. இந்த மாவட்டத்துக்காரன் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் கட்டிவைக்க வேண்டி வந்தால் காரணமும் நேரமும் பதிய வேண்டும் என்கிறது. ஐசியூ கட்டிலில் உள்ள துணிக்கட்டுக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ராஸுக்குக் கட்டம் உண்டு, கேம்-ஐசியூவுக்குக் கட்டம் உண்டு. கை எத்தனை மணி நேரமாகக் கட்டியிருக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கண்டுபிடித்து என்ன செய்வது என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் மாத்திரை இல்லை. ஹாலோபெரிடால் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2018-இல் 566 பேரிடம் சோதித்தபோது வெறும் உப்புநீரை விட டெலிரியம் நாட்களை அது குறைக்கவில்லை. குடும்பத்தாரை அதிக நேரம் உள்ளே விட்டால் போதும் என்று நான் நம்ப விரும்பினேன். பிரேசிலில் 36 ஐசியூக்களில் செய்த பெரிய சோதனை 2019-இல் வந்தது: நீண்ட நேரப் பார்வையாளர் அனுமதியில் டெலிரியம் 18.9 சதவீதம், குறுகிய நேரத்தில் 20.1. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். அதனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னி போய்விடும் என்று எழுத மாட்டேன். ஆனால் கேம்-ஐசியூவின் முதல் அம்சமே "பழைய நிலையிலிருந்து மாற்றம்". பழைய நிலை யாருக்குத் தெரியும்? காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகும் அந்த மனைவிக்குத்தான். இவர் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவரா, இடது காது கேட்காதா, கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவர் யாரென்று தெரியாதா என்பதெல்லாம் அவரைக் கேட்டால்தான் தெரியும். மருந்தாக இல்லாவிட்டாலும் தகவலாக அவர் உள்ளே இருக்க வேண்டும்.

தமிழ்ப் பதிப்புக்கு என் யோசனை இது. எழுத்தை விட்டுவிட்டு எண்ணுக்குப் போகலாம். மீன் ஏலத்திலும் சந்தையிலும் பழகிய, பள்ளிக்கூடம் போகாதவரும் அறிந்த பேச்சு எண்கள். ஒண்ணும் மூணும் காதில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே இலக்காக அவை வேண்டாம். அஞ்சு தனித்து ஒலிக்கிறது. மூலத்தில் ஏ வரும் அதே இடங்களில் அஞ்சை வைத்தால்: எட்டு, அஞ்சு, ரெண்டு, ஏழு, அஞ்சு, ஒண்ணு, அஞ்சு, அஞ்சு, நாலு, மூணு. "அஞ்சுன்னு சொன்னா மட்டும் என் கையை அமுக்குங்கய்யா." பவுண்டுக்குக் கிலோ. கல்லுக்குப் பதில், ராமேஸ்வரத்திலும் சர்ச்சைக்கு இடமில்லாத ஒன்று: ஆடு முட்டை போடுமா?

இதை நான் எழுதிவிட்டதால் இது சோதனை ஆகிவிடாது. ஒரு கேள்வியை மாற்றினாலும் கருவி புதுக் கருவிதான். மனநல மருத்துவர் ஒருவர் தனியாகப் பரிசோதித்துச் சொல்லும் முடிவோடு, அதே நாளில், அதே நோயாளியிடம் ஒப்பிட வேண்டும். தெளிவாக இருக்கும் தமிழர்களிடமும் ஓட்டி எத்தனை பேர் பொய்யாக மாட்டுகிறார்கள் என்று எண்ண வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடும் வேலை. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. இதைப் படிக்கும் டாக்டர்கள் யாராவது எடுத்துச் செய்தால், எண்களைக் கலைத்துக் கொடுக்கும் நிரலையும் முடிவுகளைச் சேர்க்கும் படிவத்தையும் நான் எழுதித் தருகிறேன். படிவத்தில் நான்கு கட்டம் மட்டும் கூடுதலாக வைப்பேன்: கூப்பிடும் பெயர், பேசும் மொழி, காது, கை கட்டியிருக்கும் நேரம்.